டிபன் டப்பாவில் ஒரு டேனிஷ் கவிதை

1. டென்மார்க்கிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கவிதையும், அதை ஓர் அம்மாள் வாசித்த ஒலிப்பதிவும் வந்தன.
2. குழந்தைகளுக்குக் கவிதை படித்துக்காட்டும் செயலிக்காக, அதன் சந்தம், எதுகை, திரும்ப வரும் சொற்கள் எல்லாவற்றையும் பிரித்து எழுதித் தரச் சொன்னார்கள்.
3. கழக்கூட்டத்தில் எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் டேனிஷ் தெரியாது.
4. டப்பா அக்கா கையைத் தூக்கினார்.

கவிதையைக் கண்ணால் படிப்பவர்கள் உண்டு, காதால் படிப்பவர்கள் உண்டு. எவர்சில்வர் டிபன் டப்பாவால் படித்தவர் உலகத்திலேயே எங்கள் டப்பா அக்கா ஒருவர்தான். லிஃப்ட் சத்தமோ மேனேஜரின் இருமலோ, எதைக் கேட்டாலும் ஸ்பூனால் மூடியில் தட்டிப் பார்ப்பார். தாளம் இடறினால் அவருக்குச் சோறு இறங்காது. நாகர்கோவில்காரர், எனக்குப் பக்கத்து இருக்கை. அந்த மாதத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இந்த அறிக்கை தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் நாளே அறிக்கை தயார். எட்டிப் பார்த்தேன். 'எதுகை: அறவே இல்லை. கவிஞருக்குப் பயிற்சி போதாது.'

"அக்கா, எங்க தேடினீங்க?"

"வரியோட தலையில. ரெண்டாம் எழுத்து ஒண்ணு கூட ஒக்கல்ல கேட்டியா. பள்ளிக்கூடத்துல எங்க டீச்சர்னா பெஞ்சு மேல ஏத்தியிருப்பா."

"இவங்க வரியோட முடிவுல வைப்பாங்க அக்கா."

அக்கா வலது ஓரமாக விரலை இறக்கினார். முகம் மலர்ந்தது. "அட சவமே! எல்லாத்தையும் வாலுல கட்டித் தொங்க விட்டிருக்கான்!"

அடுத்தது சந்தம். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறும்போதே காதில் ஒலிப்பதிவு, மடியில் டப்பா. பழவங்காடியில் கண்டக்டர் சில்லறை மாற்றக் கீழே இறங்கினார். கவிதையில் அழுத்தமான இரண்டு அசைகள் வந்தன. அக்கா தட்டினார்: டிங், டிங். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். கண்டக்டர் ஓடிவந்து தொற்றி ஏறி, மூச்சு வாங்க மலையாளத்தில் கேட்டார்: "ஆரா பெல்லடிச்சே?"

"டென்மார்க்காரன், சேட்டா" என்றார் அக்கா.

மூன்றாம் நாள்தான் சிக்கல் வந்தது. கூடவே வந்த ஆங்கிலக் குறிப்பின்படி, கடலுக்குப் போன கணவனுக்காக ஒரு பெண் காத்திருக்கும் கவிதை அது. ஒவ்வொரு பத்தியும் 'வருவான், வருவான், வருவான்' என்று முடியும். கடைசிப் பத்தியில் மட்டும் இரண்டே 'வருவான்'. அறிக்கைகளைச் சரிபார்க்க நான் எழுதிய நிரல் அந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டது: சொல் விடுபட்டுள்ளது.

மலையாளியான மேனேஜர் அனில் சார் வந்து பார்த்தார். "ஃபைல்ல ஒரு வார்த்தை போயாச்சு, அல்லே? சேர்த்து அனுப்பினா மதி, அது போதும்."

"போகல்ல சார். பதிவைக் கேளுங்க. அந்தம்மா ஒரு தட்டு நேரம் சும்மா இருந்துட்டுத்தான் மூச்சு விடுதா. மூணாவது தட்டு இருக்கு, சத்தம்தான் இல்ல."

"கான்ட்ராக்ட் முடியுற சமயம். வெறுதே வம்பு வேண்டா."

அக்கா டப்பாவை மூடினார். "அவன் வரல்ல சார். வராதவனை நான் வந்தான்னு எழுத மாட்டேன்."

அப்படியே அனுப்பினார். இரண்டு நாள் கழித்து வீடியோ அழைப்பு. திரையில் வெள்ளைமுடி அம்மாள் ஒருவர்; கவிதை வாசித்த அதே குரல். கடைசி வரியைப் பற்றி எழுதியது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அனில் சார் எங்களைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

அக்கா எழுந்தார். டப்பாவை கேமரா முன்னால் வைத்துக் கடைசிப் பத்தியைத் தட்ட ஆரம்பித்தார். அந்த அம்மாளின் உதடுகள் அசைந்தன. பிறகு அவரும் பேனாவால் மேசையில் தட்டினார். கழக்கூட்டத்து ஸ்பூனும் டென்மார்க் பேனாவும் ஒன்றாக இறங்கின. முதல் வருவான். இரண்டாவது வருவான். மூன்றாவதற்கு இரண்டு கைகளும் அந்தரத்தில் நின்றன.

அந்த அம்மாள்தான் முதலில் கண்ணைத் துடைத்தார். அனில் சார் பிறகு வெளியே போய் எல்லோரிடமும், "நம்ம அக்காவாக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போதைய நிலவரம்: அக்காவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. செயலி கடைசி வரியில் ஒரு கணம் சும்மா இருக்கிறது. என் நிரல் அங்கே சிவப்புக் கோடு போடுவதில்லை. இந்த வாரம் அக்கா விடுப்பில் நாகர்கோவில் போயிருக்கிறார். அலுவலகம் அமைதியாக இருக்கிறது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.