சனாபா கடையில் பயறு கிடையாது

"அந்தம்மா பயறு கேக்கறாங்க" என்று புராமா கெய்ட்டா சொன்னதும் சனாபா கூலிபாலி கரண்டியை ஓங்கிவிட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாளாவது வாயைக் கட்டி வைய்யா. கடல் கடந்து விருந்தாளி வந்திருக்காங்க."

"நான் என்ன பண்ணட்டும்? அவங்க கேட்டதைச் சொன்னேன்."

சனாபாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. எங்கள் செகூவில், ஏன், மாலி நாடு முழுக்கவே, கூலிபாலி வம்சத்தாரைக் கண்டால் 'பயறுதின்னி' என்று கூப்பிடுவது மற்ற வம்சத்தாரின் பிறப்புரிமை. கெய்ட்டாக்களுக்கு அது கடமை. இரண்டு வம்சத்துக்கும் கேலி முறை. கோபித்துக்கொள்ளக் கூடாது, திருப்பிக் கொடுக்கலாம். பக்கத்துக் கடைத் தையற்காரன் புராமா, இருபது வருஷமாகக் காலையில் கதவைத் திறந்ததும், "என்ன பயறுதின்னி, இன்னிக்கு எத்தனை மூட்டை?" என்பான். "உன் பாட்டன் எங்க வீட்டுப் பானை கழுவினப்போ மிச்சம் வெச்ச மூட்டைதான்" என்பாள் இவள். அதற்கப்புறம்தான் இரண்டு பேருக்கும் பொழுது விடியும்.

அதனாலேயே சனாபாவின் சாப்பாட்டுக் கடையில் எல்லாம் உண்டு, பயறு மட்டும் கிடையாது. ஒரு கூலிபாலி பயறு சமைத்து விற்றால் ஊர் சும்மா விடுமா?

ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை விளையாடுகிற நாள் இல்லை. பேருந்து நிலையத்துப் பக்கம் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு புது உணவகம் வந்ததிலிருந்து சனாபாவின் பெஞ்சுகளில் ஈதான் உட்கார்ந்திருந்தது. இந்த மாதத்தோடு கடையை மூடிவிட்டு, தலைநகர் பமாகோவில் மகள் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஜமைக்காவிலிருந்து டெல்ரோஸ் அம்மாள் வந்து இறங்கியிருக்கிறார். ஆப்பிரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் வீட்டுச் சாப்பாடு போடுகிற கடைகளாகத் தேடிப் புத்தகம் எழுதுகிறவர். ஊருக்கு ஒரே ஒரு கடை. புத்தகத்தில் பேர் வந்துவிட்டால் பெஞ்சு நிறையும், பமாகோவுக்கு மூட்டை கட்ட வேண்டாம்.

ஆற்றங்கரைச் சந்தில் முடங்கிக் கிடக்கிற இந்தக் கடையை அவருக்கு யார் சொன்னார்களோ! கடவுளேதான் அனுப்பினார் என்று சனாபா காலையிலிருந்து வானத்தைப் பார்த்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

மொழிபெயர்க்க வேண்டிய சுற்றுலா ஆபீஸ் டிரைவர் லாசினே, விருந்தாளியைச் சந்து முனையிலேயே இறக்கிவிட்டு, பஞ்சரான டயரை ஒட்டப் போய்விட்டான். அந்தச் சந்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள், கானா நாட்டு அக்ராவில் ஐந்து வருஷம் துணி தைத்துவிட்டு வந்த புராமா. விதி.

வேர்க்கடலைக் குழம்பும் சோறும் சாப்பிட்ட டெல்ரோஸ் அம்மாள் இப்போது ஆசையாக அடுப்படியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிஜமா என்னய்யா சொன்னாங்க?"

"குழம்பு பிரமாதமாம். பயறு எப்போ வரும்னாங்க."

"உன்கிட்ட கேட்டேன் பாரு!"

குழம்பில்தான் ஏதோ குறை என்று சனாபாவுக்குப் பட்டது. ஓடிப்போய், நைஜர் ஆற்றில் அன்று காலை பிடித்த மீனை முழுசாக வறுத்து, மேலே வெங்காயம் தூவிக் கொண்டுவந்தாள். அம்மாள் பாதி சாப்பிட்டார். ஏதோ சொன்னார். முகத்தில் பழைய வெளிச்சம் இல்லை.

"மீன் அருமையாம்" என்றான் புராமா. பிறகு சனாபாவின் கரண்டியைப் பார்த்து இரண்டடி பின்வாங்கி, "பயறை மறந்துட்டீங்களான்னு கேக்கறாங்க."

"நீ பேசவே வேண்டாம். நானே கேட்டுக்கறேன்."

சனாபா விருந்தாளியின் எதிரே உட்கார்ந்தாள். தட்டைக் காட்டினாள், வாயைக் காட்டினாள், என்ன வேண்டும் என்று கையை விரித்தாள். டெல்ரோஸ் அம்மாள் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். விரலை வைத்துப் பார்த்து, "ஷோ" என்றார்.

எங்கள் பாஷையில் பயறுக்கு அதுதான் பேர்.

"அடப்பாவி!" சனாபா எழுந்தே விட்டாள். "விருந்தாளிக்கே சொல்லிக் கொடுத்துட்டியா? என் பொழைப்புல விளையாடறியேய்யா!"

"சத்தியமா நான்..."

"போ வெளியே!"

புராமா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி தன் கடைக்குப் போய் உட்கார்ந்தான். தையல் மெஷின் ஓடவில்லை.

இனி மொழிபெயர்க்கவும் ஆள் இல்லை. சனாபா வீம்பாகக் கம்பங்களியும் வெண்டைக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் இலைக் குழம்பு. அது போதாதென்று ஆட்டுக்கறி. விருந்தாளி ஒவ்வொன்றிலும் மரியாதைக்கு ஒரு வாய் எடுத்தார். வயிற்றைத் தொட்டுக் காட்டிப் புன்னகை செய்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார்.

சனாபா கரண்டியைப் போட்டாள். தையற்கடை வாசலுக்கு ஓடினாள்.

"கெய்ட்டா, நோட்டை மூடிட்டாங்கய்யா. கேலியெல்லாம் நாளைக்கு வெச்சுக்கோ, நூறு தரம் பயறுதின்னின்னு கூப்பிடு. இப்போ மட்டும் உண்மையைச் சொல்லு. அவங்களுக்கு என்னதான் வேணும்?"

புராமா சிரிக்கவில்லை. "பயறு" என்றான்.

இருபது வருஷத்தில் அந்த வார்த்தையை அவன் சிரிக்காமல் சொல்லி அவள் கேட்டதில்லை. அவன் நேராக அவள் அடுப்படிக்குள் புகுந்தான். விறகுக் குவியலுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடியிருந்த சின்னச் சட்டியைத் தூக்கினான்.

"அ... அது கோழிக்கு வேக வெச்சது!"

"உன்கிட்ட ஏது கோழி?"

சனாபா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஞாயித்துக்கிழமையானா என் கடைச் சுவர் வழியா இந்த வாசனைதான். கதவைச் சாத்திக்கிட்டு நீ தின்னறதை இதுவரைக்கும் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?" என்றான் புராமா. பிறகு குரலைத் தாழ்த்தினான். "என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடந்த ரெண்டு மாசமும், ஞாயித்துக்கிழமை தவறாம இந்தச் சட்டி என் வாசல்ல இருந்துச்சே. அது என்ன, தானா நடந்தா வந்துச்சு?"

சனாபா சட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்த் தானே பரிமாறினாள்.

வெங்காயமும் செம்பனை எண்ணெயும் போட்டுக் குழைய வெந்த பயறு. டெல்ரோஸ் அம்மாள் ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். இரண்டாவது வாயில் கண்ணீர் வந்துவிட்டது. சோற்றை அதில் போட்டுப் பிசைந்தபடி நிறுத்தாமல் பேசினார். புராமா மூச்சு வாங்க மொழிபெயர்த்தான்.

"அவங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை சோத்துல பயறு இல்லாத வீடே இல்லையாம். சனிக்கிழமையே அவங்க அம்மா ஊறப் போட்டுடுவாங்களாம். அம்மா போய் எட்டு வருஷமாச்சாம். அந்தக் கைமணம் இந்தச் சட்டியில இருக்குதாம். சுருக்கமாச் சொன்னா, அந்த நாட்டுல மொத்தப் பேரும் கூலிபாலிதான்!"

சனாபா அழுதுகொண்டே சிரித்தாள். சட்டி காலியானது. நோட்டுப் புத்தகம் வெளியே வந்தது, நாலு பக்கம் நிறைந்தது. அம்மாள் சனாபாவை எண்ணெய்க் கையோடு கட்டிக்கொண்டு, "ஷோ, ஷோ" என்றார். இந்தத் தடவை சனாபாவுக்கு அது வசையாகத் தோன்றவில்லை.

"இனி ஞாயித்துக்கிழமைதோறும் என் கடையில பயறு உண்டு" என்று சந்துக்கே கேட்கும்படி அறிவித்தாள். "எவன் வேணா கேலி பண்ணட்டும். எனக்கு ஒரே ஒரு குறைதான். என் கடையை இவங்களுக்குச் சொன்ன புண்ணியவான் யாருன்னு தெரியணும். அவன் கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்."

புராமா திடீரென்று தன் கடைக்குப் போய் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தான். நூல் எதுவும் கோக்கப்படவில்லை.

அப்போது டயரை ஒட்டிக்கொண்டு லாசினே வந்து சேர்ந்தான். தையற்கடைப் பலகையில் இருந்த பேரை எழுத்துக் கூட்டிப் படித்தான். முகம் மலர்ந்தது.

"அட, கெய்ட்டா ஐயா! 'எங்க பயறுதின்னி கையால ஒரு வாய் பயறு சாப்பிடலைன்னா நீங்க ஆப்பிரிக்காவுக்கு வந்ததே வீண்'னு எங்க ஆபீசுக்கு ஆறு கடிதாசி போட்டது நீங்கதானா? ஐயையோ, 'அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம், அப்புறம் நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு கேலி பண்றது'ன்னு அடியில எழுதியிருந்தீங்களே!"