தாளாளரின் நாக்கில் ஒட்டிய எலும்பு

வாழ்க்கையில் நான் நக்கிப் பார்த்த கல் ஒன்றே ஒன்றுதான். அதை இன்னும் பத்துப் பேருக்கு நக்கக் கொடுத்தேன் என்பதுதான் பிரச்சினை.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. நிலவியலில் முதுகலை முடித்த கையோடு ஏற்காட்டில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். தற்காலிகம் என்றால், தாளாளர் தலையை மேலும் கீழும் ஆட்டினால் நிரந்தரம். பக்கவாட்டில் ஆட்டினால் சேலம் பஸ். அவர் ஒரு காபி எஸ்டேட் முதலாளி. நெற்றி நிறைய விபூதி. முட்டை போட்ட கேக் மேஜையில் இருந்தால்கூட நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்காருபவர்.

அந்த வருஷ அறிவியல் கண்காட்சிக்கு மற்ற ஆசிரியர்கள் அட்டையில் சூரியக் குடும்பம், சோடா உப்பில் எரிமலை என்று இறங்கினார்கள். நான் இளக்காரமாகச் சிரித்துக்கொண்டேன். என் டிரங்குப் பெட்டிக்குள் இருபது கோடி வருஷத்துக்கு முந்தைய எலும்பு இருந்தது. (எலும்பு என்று நானாக முடிவு செய்திருந்தேன்.)

கல்லூரியில் படிக்கும்போது எங்களைக் கோதாவரிப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு காலத்தில் பெரிய ஆறுகள் வளைந்து வளைந்து ஓடி, வெள்ளம் வரும்போதெல்லாம் கரையைத் தாண்டிச் செம்மண் சேற்றைப் பரப்பிய சமவெளி அது. குட்டைகளில் நுரையீரலால் மூச்சு விடும் மீன்கள், கரையில் கிளிமூக்கு மாதிரி வாய் வைத்த பெரிய ஊர்வன. அவை செத்து, சேறு மூடி, சேறே பாறையாக இறுகிப் போனது. அங்கே பேராசிரியர் ஒரு பழைய வித்தை காட்டினார். புதைபடிவ எலும்பில் நுண்ணிய துளைகள் இருக்கும், அதனால் நாக்கில் ஒட்டும். வெறும் கல் ஒட்டாது. அது வரைக்கும் கேட்டுவிட்டு நான் பனைமர நிழலில் தூங்கப் போய்விட்டேன். வேறு எதெல்லாம் ஒட்டும் என்று அவர் அதற்குப் பிறகுதான் சொல்லியிருக்கிறார்.

எழுந்து வந்து நான் பொறுக்கியதுதான் அந்தப் பொருள். சுண்டுவிரல் அளவு, பழுப்பு நிறம், லேசாகச் சுருள் சுற்றிய வடிவம். நாக்கில் வைத்தேன். ஒட்டியது! ‘ஊர்வனவற்றின் வால் நுனி எலும்பு’ என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டேன்.

கண்காட்சியன்று என் மேஜை முன்னால்தான் கூட்டம். “இந்த மலையை முழுக்கத் தோண்டினாலும் இப்படி ஒன்று கிடைக்காது. சேர்வராயன் மலைப் பாறை பூமிக்கு அடியில் வெந்து உருவானது. உயிர்ச்சுவடு தங்காது. இதுவோ, வெள்ளச் சமவெளியின் பொக்கிஷம்!” என்று முழங்கி, நக்கிக் காட்டினேன். தலைமையாசிரியர் நக்கினார். கணக்கு வாத்தியார் இரண்டு தடவை நக்கினார். அவர்களோடு சேர்த்து ஆசிரியர்கள் ஒன்பது பேரும் முடித்தபோது, கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“ஏனுங்க சாரு, இது எலும்பு மாதிரி இல்லீங்களே.”

பக்கத்துக் கிராமமான வாழவந்தியிலிருந்து வரும் குப்பாயி அக்கா. எஸ்டேட்டுகளுக்கு எரு கொடுப்பவர். பள்ளித் தோட்டத்துக்கும் அவர் எருதான். பொருளைக் கையில் வாங்கி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சுருட்டிக்கிட்டு வந்து முனையில கூரா முடிஞ்சிருக்குது பாருங்க. எலும்பு இப்படி முடியாதுங்க. வேற ஒண்ணுதான் இப்படி முடியும்.”

“அக்கா, இதெல்லாம் ஆறு வருஷம் படித்தால்தான் புரியும்” என்றேன். (ஆம், அப்படியே சொன்னேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.)

அதற்குள் தாளாளர் வந்துவிட்டார். தலைமையாசிரியர் மைக்கை என் மேஜைக்கே கொண்டு வந்து வைத்தார். ஒலிபெருக்கியை ஊர் நடுவே இருக்கும் ஒண்டிக்கடைப் பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்கள், ஊரே கேட்கட்டும் என்று.

தாளாளர் தயங்கினார். “எலும்புங்களா? நான் சைவமுங்க. இன்னிக்குக் கிருத்திகை வேற.”

“ஐயா, இது கல்லாகி இருபது கோடி வருஷம் ஆச்சுங்க. இப்போ சுத்த சைவம்” என்றேன்.

அவர் கண்ணை மூடி, முருகா என்று சொல்லி, நாக்கை நீட்டினார். வைத்தேன். அப்படி ஒட்டியது! அவரும் உற்சாகமாகி, இரண்டு கையையும் விரித்து, நாக்கில் அதைத் தொங்கவிட்டபடியே கூட்டத்துக்கு இப்படியும் அப்படியும் திரும்பிக் காட்டினார். கைதட்டல் கூரையைத் தூக்கியது. என் கண்ணில் நிரந்தர வேலை தெரிந்தது.

குப்பாயி அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “அய்யா, துப்பிப் போடுங்க! அது சாணிங்க!”

தாளாளர் வாயைப் பிளந்தார். பொருள் சிமெண்ட் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது. குனிந்து எடுத்தேன். எலும்பென்றால் உள்ளே தேன்கூடு மாதிரி இருக்க வேண்டும். இதற்குள்ளே பளபளவென்று மீன் செதில்கள். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு நான் மனப்பாடம் செய்த விடை ஒன்று, அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது.

“என்னங்க வாத்தியாரே இது?” என்றார் தாளாளர், கைக்குட்டையால் நாக்கைத் துடைத்துக்கொண்டே.

“காப்ரோலைட்டுங்க ஐயா.”

“அப்படின்னா? தமிழ்ல சொல்லுங்க.”

நான் மைக்கைப் பார்த்தேன். மைக் என்னைப் பார்த்தது.

“அதாவது... பழங்கால உயிரினங்களின்... உணவுச் செரிமானத்தின்... இறுதி நிலை...”

“பீயுங்க” என்றார் குப்பாயி அக்கா. ஒண்டிக்கடை வரைக்கும் கேட்டது. பிறகு என் கையை எட்டிப் பார்த்துவிட்டு, “மீனு தின்ன ஜந்து போலிருக்குது கண்ணு. நான் சாணின்னது தப்புங்க. சாணின்னா சைவம்” என்றார்.

அடுத்த அரை மணி நேரம் குழாயடியில் பதினோரு பேர். கணக்கு வாத்தியார் மட்டும் இரண்டு தடவை வரிசையில் நின்றார்.

மறுநாள் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் தாளாளர் அறைக்குப் போனேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

“உங்கள அனுப்பிச்சா கீழ சேலத்துக்குப் போவீங்க. எங்க சம்பந்தி ஊடும் அங்கதான் இருக்குது. போற எடத்துல இதச் சொல்லாம இருப்பீங்களா?”

“சொல்ல மாட்டேனுங்க ஐயா.”

“மாட்டீங்கதான். ஆனா நம்பிக்கை நொம்பக் கம்மியா இருக்குது எனக்கு. இங்கயே இருந்துக்குங்க. நிரந்தரம் பண்ணச் சொல்லிட்டேன்.”

அப்படித்தான் நான் ஏற்காட்டுக்காரன் ஆனேன். கல்யாணமாகி வந்த முதல் வாரமே, ரோஜாச் செடிக்கு எரு கொடுக்க வந்த குப்பாயி அக்கா என் மனைவியிடம் கதையை ஒப்படைத்துவிட்டார். அன்று முதல் எங்கள் வீட்டில் நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. “இன்றைக்கு மழை வராது” என்றால், “நக்கிப் பாத்தீங்களா?” என்பாள். “இந்த பஸ் சேலம்தான் போகும்” என்றாலும் அதே கேள்வி. மகளும் பேச ஆரம்பித்த நாளிலிருந்து அதையே பிடித்துக்கொண்டாள்.

அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் பெரிய மனுஷத் தோரணையில், “மாப்பிள்ளை சொக்கத் தங்கம். பார்த்ததுமே தெரியுது” என்றேன்.

உள்ளேயிருந்து என் மகளின் குரல்: “நக்கிப் பாத்தீங்களாப்பா?”

சம்பந்தியம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். வேறு வழியில்லாமல், வந்திருந்த பதினாறு பேருக்கும் முழுக் கதையையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று. அன்று அதிகமாகச் சிரித்தது அந்தப் பையன்தான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இப்போது அவரும் கேட்கிறார். எங்கள் பக்கத்து வளர்ப்பு, மரியாதைக்கு ஒரு குறையும் வைப்பதில்லை.

“நக்கிப் பாத்தீங்களாங்க, மாமா?”