ஒரு சொட்டும் விடாத பீலி

புத்தகம் வாசிப்பவர்களுக்கென்றே ஒரு தனி நோய் உண்டு. ஒரு காரியத்தைப் பற்றி வாசித்து முடித்ததும், அந்தக் காரியத்தையே செய்து முடித்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றிவிடும். நீச்சலைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். இடுப்பளவு தண்ணீரில்கூட இறங்கியதில்லை. தேனீ வளர்ப்பைப் பற்றியும் தெரியும். (தேனீயைக் கண்டால் ஓடிவிடுவேன்.) இந்த நோய் முற்றியிருந்த காலத்தில், வீட்டுக்கூரைக்குப் பீலி பூட்டுவதைப் பற்றி நான் ஒரு புத்தகம் வாசித்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஸ்காபரோவில், ரூஜ் பக்கமாக, ஏற்கெனவே ஒரு குடும்பம் வாழ்ந்து தீர்த்த வீடொன்றை வாங்கியிருந்தோம். பின்வளவில் இரண்டு பெரிய மேப்பிள் மரங்கள் நின்றன. வீடு பார்க்கப் போன அன்று நானும் என் கணவரும் அந்த நிழலிலேயே மயங்கி நின்றோம். தலையை இன்னும் சற்று நிமிர்த்திக் கூரையைப் பார்க்கவில்லை. முன்பக்கக் கூரையோரத்தில் மழைநீரை ஏந்தும் பீலி ஒழுங்காக இருந்தது. பின்பக்கத்தில் அது இருந்ததற்கான துருப்பிடித்த ஆணிகள் மட்டுமே எஞ்சியிருந்தன. ஆகவே கூரைத் தண்ணீர் முழுவதும் சுவரின் அடியில் கொட்டி, அங்கிருந்த வெடிப்பு வழியாக நிலவறைக்குள் இறங்கியது. நிலவறையில் என் மாமியார் குடியிருந்தார்.

மேலே வந்து எங்களோடு இருக்கும்படி எத்தனையோ முறை கேட்டாயிற்று. "நீங்கள் ரெண்டு பேரும் இருக்கிற தட்டிலை எனக்கென்ன வேலை" என்று மறுத்துவிட்டார். நிலவறை அவருடைய தனி இராச்சியம். தனி அடுப்பு, தனி வாசல், தனித் தொலைக்காட்சி. ஒரு புரட்டாதி மழைக்குப் பிறகு அந்த இராச்சியத்தின் பாயொன்று மிதந்தது. அன்று மாமி படியேறி வந்து, குரலை உயர்த்தாமல் ஒரு செய்தி சொன்னார்.

"பிள்ளை, நான் சண்டைக்குச் சொல்லேல்லை. இன்னொருக்காத் தண்ணி வந்தால் ஒஷாவாவுக்குப் போயிடுவன். ரவியின்ரை பேஸ்மன்ற் கருவாடு மாதிரிக் காய்ஞ்சு கிடக்குதாம்."

ரவி என் கணவரின் தம்பி. அவனும் மனைவி வனிதாவும் ஒஷாவாவில், மரமே இல்லாத புதிய தெருவொன்றில், காய்ந்த நிலவறையோடு வாழ்ந்தார்கள். மாமியார் வேறு மகன் வீட்டுக்குப் போகிறேன் என்றால் விளக்கேற்றி வணங்கும் மருமக்களை நான் அறிவேன். நான் அந்த வகையல்ல. நான் காலை வேலை முடிந்து வந்ததும், நாங்கள் இருவரும் தேநீரோடு அமர்ந்து தமிழ்ப் பத்திரிகைகளை வாசிப்போம். நான் உரத்து வாசிப்பேன், மாமி ஒவ்வொரு வரியோடும் சண்டை பிடிப்பார். எல்லோரும் இரண்டு வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த அந்த நகரத்தில், என்னோடு வாதாட நேரம் வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான். அவரை ஒரு வெடிப்புக்காக ஒஷாவாவுக்கு விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

கூரை வேலைகளைக் கூலிக்குச் செய்துதரும் கொந்தராத்துக்காரர்களைத் தொலைபேசியில் கேட்டபோது, எல்லோரும் வசந்தத்தில் வருவதாகச் சொன்னார்கள். என் கணவர், "பாப்பம்" என்றார். (எங்கள் வீட்டில் 'பாப்பம்' என்பது மிக நீண்ட காலத்தைக் குறிக்கும் அளவை.) நான் நூலகத்துக்குப் போனேன்.

புத்தகம் அழகான புத்தகம். அட்டையில் ஒரு கணவனும் மனைவியும் ஏணியருகே நின்று சிரித்தார்கள். இருவர் சட்டையிலும் ஒரு பொட்டு அழுக்கில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எல்லா அத்தியாயங்களையும் குறிப்பெடுத்து வாசித்தேன். சாய்வு எவ்வளவு, கொளுக்கிகளின் இடைவெளி எவ்வளவு, இணைப்புகளை எப்படி அடைப்பது எல்லாம் மனப்பாடம். ஓரிடத்தில் மட்டும், கட்டம் போட்டு ஓர் எச்சரிக்கை இருந்தது. பனி பொழியும் நாடுகளில் பீலியைக் கூரையின் சரிவுக்கோட்டுக்குக் கீழே, தாழ்த்திப் பூட்ட வேண்டும். அப்போதுதான் வழுக்கி வரும் பனி பீலியில் மோதாமல் அதற்கு மேலால் பாய்ந்து போகும் என்று அது கூறியது. பெருமழையில் சிறிது தண்ணீரும் அப்படியே பாய்ந்துவிடக்கூடும் என்றும் ஒப்புக்கொண்டது.

நான் அதை வாசித்தேன், விளங்கிக்கொண்டேன், உடன்பட மறுத்தேன்.

இதற்குக் காரணம் உண்டு. மாமியும் நானும் புங்குடுதீவில் பிறந்தவர்கள். அங்கே கிணற்றுத் தண்ணீர் உவர்; கூரையிலிருந்து விழும் மழைத்தண்ணீரில்தான் நல்ல தேநீர். பீலிக்கு வெளியே ஒரு சொட்டு விழுவது எங்களுக்குச் சோற்றைக் காலால் தட்டுவது போன்றது. தண்ணீர் பாய்ந்துபோக இடம்விட்டுப் பீலி பூட்டச் சொல்லும் புத்தகம், எங்கள் பார்வையில், ஓட்டை வைத்துப் பானை வனையச் சொல்லும் புத்தகம்.

பீலித் துண்டுகளை எங்கள் சின்னக் காரில் ஏற்றி வந்தோம். அவை பின்கண்ணாடியைத் தொட்டுத் தொடங்கி, முன் யன்னல் வழியாக வெளியே நீண்டு, எங்களுக்கு முன்பாகவே ஒவ்வொரு சந்தியையும் அடைந்தன. நான் காரை ஓட்ட, என் கணவர் அவற்றைக் கட்டிப் பிடித்தபடி கண்களை மூடிக்கொண்டு வந்தார்.

ஐப்பசியில் ஒரு வெயில் நாள், நான் ஏணியில் ஏறினேன். கணவர் ஏணியைப் பிடித்தார். மாமி கம்பளிக் குல்லாயும் காலுறை போட்ட செருப்புமாக, புல்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை செய்தார்.

"இஞ்சேரும், புத்தகத்திலை கொஞ்சம் பதிச்சுப் பூட்டச் சொல்லிக் கிடக்குதெல்லே" என்றார் கணவர், கீழிருந்து.

"பதிச்சால் தண்ணி பாய்ஞ்சு போயிடும்" என்றேன், மேலிருந்து.

"உவனுக்கென்ன தெரியும்" என்றார் மாமி. "நீ உயத்திப் பூட்டு பிள்ளை. இன்னும் உயத்து. வாயை நல்லா மேல காட்டி நிக்கோணும், காக்காக் குஞ்சு மாதிரி."

காக்கைக் குஞ்சு போலவே பூட்டினேன். பீலித் தண்ணீரை நிலத்துக்கு இறக்கும் கீழ்க்குழாய்க்கு அடியில் ஒரு நீலப் பீப்பாயையும் வைத்தோம், ஏந்திய தண்ணீரை எறிய மனமில்லாமல். பிறகு தோட்டக் குழாயால் கூரையில் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். மாமி சுவரோரமாக உள்ளங்கையை நீட்டியபடி இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நடந்தார். கை நனையவில்லை.

"ஒரு சொட்டும் விடேல்லை" என்று தீர்ப்பளித்தார்.

அடுத்த மழைக்கு நிலவறை காய்ந்திருந்தது. நான் அந்தத் தெருவில் கொஞ்சக் காலம் நடந்த நடையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மற்றவர்களின் கூரையோரங்களை அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பிறகு மேப்பிள் மரங்கள் இலையுதிர்த்தன. வாயை மேலே காட்டி நின்ற பீலி ஓர் இலையையும் விடவில்லை. நான் அகப்பையோடு ஏறி வழித்தெறிவேன். மறுநாள் மரம் மீண்டும் நிரப்பும். (மரத்துக்கு வேறு வேலை இல்லை. எனக்கு இருந்தது.) கடைசிச் சுற்று இலைகளை எடுக்கு முன்னர் பனி வந்துவிட்டது. பீப்பாய் உறைந்தது. பீப்பாய்க்குள் நீட்டியிருந்த குழாய் உறைந்தது. பின்னர் பீலி முழுவதும், இலைகளோடு சேர்ந்து, ஒரே நீளப் பனிக்கட்டியாக உறைந்தது. அதன் விளிம்பிலிருந்து யானைத் தந்தங்கள் போலப் பனியூசிகள் தொங்கின. அவை அழகாக இருப்பதாகக்கூட நான் சொன்னேன்.

தைப்பொங்கல் அவ்வாண்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஒஷாவாவிலிருந்து ரவியும் வனிதாவும் வருவதாகச் சொன்னார்கள். பொங்கலுக்கு மட்டும் அவர்கள் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தாய் எப்படி இருக்கிறார் என்று பார்த்து, சரியில்லையென்றால் கையோடு கூட்டிப் போகும் எண்ணம். வனிதா தன் வீட்டு நிலவறைக்குப் புதிய திரைச்சீலை தைத்திருப்பதை முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கென்று குளிர் விட்டிருந்தது. தை மாதத்தில் இடையிடையே வரும் அந்த இளஞ்சூட்டில் வெயிலும் சேர்ந்தது. நான் தும்புத்தடியால் பனியூசிகளைத் தட்டி வீழ்த்தினேன். பின்பு, பின்வளவின் மரத்தளத்தில், சிறிய எரிவாயு அடுப்பைச் சரியாகப் பீலிக்கு நேர்கீழே வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன். அந்தத் தெருவில் எல்லாக் கூரைகளும் ஒழுகிக்கொண்டிருந்த அன்று, என் கூரையின் கீழ் பொங்கல் பொங்கலாம் என்பதை ஒஷாவா காண வேண்டும்.

"அண்ணி, இதுக்குக் கீழையோ பொங்கப் போறியள்?" ரவி மேலே பார்த்தான்.

"ஒரு சொட்டும் விடாது" என்றேன்.

"நான் கை வைச்சுப் பாத்தனான்" என்றார் மாமி.

ரவி பட்டு வேட்டிக்கு மேல் குளிர்ச்சட்டையும் கீழ் பனிச்சப்பாத்துமாக நின்றான். வனிதா வடைத் தட்டைப் பிடித்திருந்தாள். பானையில் பால் நுரைத்து விளிம்பை நோக்கி ஏறியது. மாமி கிழக்கே திரும்பிக் கைகூப்பினார். என் கணவர் ஒருவர்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சேரும்" என்றார். "கூரை கதைக்குது."

உண்மையில் அது ஒரு முனகல். கூரையின் உச்சியிலிருந்து முழுப் பனியும் ஒரு பாய்போல நழுவி வந்து, பீலியின் நிமிர்ந்த விளிம்பில் மோதி நின்றது. பீலி ஏந்தியது. நான் வளர்த்த பீலியல்லவா, ஏந்தியே தீருவேன் என்று நின்றது. ஒரு கணம் நான் பெருமைப்பட்டேன்கூட. அடுத்த கணம் இறுக்கமான சட்டையின் பொத்தான்கள்போல ஒவ்வொரு கொளுக்கியாகத் தெறித்தது.

கணவர் மாமியையும் என்னையும் ஒரே இழுப்பில் இழுத்தார். ரவி வனிதாவை இழுத்தான். வனிதா வடைத் தட்டை இழுத்தாள். பீலி ஒரு முனையில் மட்டும் தொங்கியபடி, ரயில்வே கடவைப் படலை போலச் சுழன்று இறங்கி, பானைமீது தன் பனிக்கட்டி, இலைச்சேறு எல்லாவற்றையும் கவிழ்த்தது. பின்னாலேயே கூரையின் பனி மொத்தமும் வந்தது. அடுப்பு ஒரு பெருமூச்சோடு அணைந்தது. பால் பொங்கவில்லை.

வனிதாவின் தட்டிலிருந்து ஒரு வடை உருண்டு போய்ப் பனியில் நின்றது. கணவர் குனிந்து, பானைக்குள் கரண்டியை விட்டு, எதையோ எடுத்துப் பார்த்தார்.

"நான் பொங்கலுக்குப் போடுற கஜுப் பருப்பு எண்டு நினைச்சன்" என்றார். "கொளுக்கி."

ரவி தாயின் பக்கம் திரும்பினான். "அம்மா, போதும். உடுப்புகளை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ. உந்தப் பனியெல்லாம் சுவரோடை கிடக்குது. உருகினால் நேரா உங்கட கட்டிலுக்குத்தான் வரும்."

அவன் சொன்னது முற்றிலும் சரி. அந்தக் குவியல் வெடிப்பின் வாயிலேயே இருந்தது, வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கு நேரமில்லாததால் மண்வெட்டியை எடுத்தேன். பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரோரத்துப் பனியை வளவின் நடுவுக்கு வாரி எறியத் தொடங்கினேன். கணவர் மற்ற மண்வெட்டியோடு வந்தார். சற்று நின்று பார்த்த ரவி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உடைந்த பீலித் துண்டொன்றால் தள்ளினான். (அந்தப் பீலி செய்த மிகப் பயனுள்ள வேலை அதுதான்.) வனிதாவும் வடைகளை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, வெறும் தட்டால் அள்ளினாள். மூச்சு வாங்க, வியர்வையோடு அள்ளினோம். சுவரின் அடி சிமெந்து தெரிந்த பிறகே நிமிர்ந்தோம்.

மாமி அதற்கிடையில் கீழே போயிருந்தார். உடுப்பு அடுக்கத்தான் போனார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் பெட்டி இல்லை.

"கையாலை தடவிப் பாத்தன். காய்ஞ்சு கிடக்குது" என்றார். பிறகு வளவில் சிதறிக் கிடந்த பனியையும் பீலியையும் நிதானமாகப் பார்த்தார். "எந்தப் பக்கம் விழுந்திருக்குது?"

"பின்பக்கம்" என்றான் ரவி.

"பின்பக்கம் எந்தத் திசை எண்டு கேக்கிறன்."

"கிழக்கு."

"பால் கிழக்கை பொங்கினாலே நல்லது எண்டுறது. இஞ்சை வீடே கிழக்கை பொங்கியிருக்குது. பொங்கின வீட்டை விட்டிட்டு ஆரும் போவினமோ?"

"அம்மா, அண்ணி பிழையாப் பூட்டினதுக்கு..."

"அவள் எங்கை பூட்டினவள்? உயத்து உயத்து எண்டு கதிரையிலை இருந்து சொன்னது நான். என்ரை பீலி அது. அதைத் திருப்பிப் பூட்டாமல் நான் எங்கை போறது?"

வனிதா எல்லோருக்கும் வடை கொடுத்தாள், பனியில் கிடந்ததைத் தவிர்த்து. அதை ரவி எடுத்து, ஊதி, தின்றான்.

வசந்தத்தில் பீலியைத் திரும்பப் பூட்டினோம். இம்முறை தாழ்த்தி, கொளுக்கிகளை நெருக்கி, இலை புகாதபடி மேலே வலை போட்டு. பெருமழையில் கொஞ்சம் தண்ணீர் மேலால் பாய்ந்து, சுவரை விட்டு எட்டப் போய் விழும். மாமி முதல் மழைக்கு யன்னலோரம் நின்று பார்த்தார். "போகட்டும்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் அந்த நிலவறையை ஆண்டு, பத்திரிகைகளோடு சண்டை பிடித்து, அங்கேயே வாழ்ந்து முடித்தார்.

எங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு விடயத்தைப் பிடித்த பிடியில் விடாமல் நின்றால், "பீலியை உயத்திப் பூட்டிறா" என்பார்கள். பெரும்பாலும் என்னைத்தான் சொல்வார்கள். கதையை மிக நன்றாகச் சொல்பவள் என் மகள். அன்று அவள் பிறந்தேயிருக்கவில்லை என்பது அவளுக்குத் தடையாக இருந்ததில்லை. அவள் இப்போது நகரின் நடுவே, மேகத்துக்குச் சற்றுக் கீழான ஒரு மாடியில் குடியிருக்கிறாள். சென்ற பொங்கலுக்கு அங்கே போயிருந்தோம். மின்னடுப்பில் பால் நுரைத்து எழுந்தது. மருமகன் கைகூப்பியபடி காத்திருந்தான். நானும் என் கணவரும் மகளும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, முதலில் அண்ணாந்து பார்த்தோம்.

வெள்ளை உட்கூரை. அதற்கு மேலே இன்னும் எத்தனையோ வீடுகள்.

"சரி" என்றாள் மகள். "இப்ப பொங்கலாம்."