முத்திரை போட்ட முதுகுவலி

தன் முதுகுவலிக்கு ஒரு முத்திரை வாங்கியே தீருவது என்று அவர் சபதம் எடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை. ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குக் கிளம்பிய மனைவி, வாசற்படியில் நின்று அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அதுதான் காரணம்.

பெரிய பார்வை இல்லை. அரை நொடிதான். ஆனால் அவர் எடையளவு முத்திரை ஆய்வாளர். இருபத்தாறு வருஷமாகக் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதிக்கிறவர். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். தப்பாக இருந்தால் தராசையே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். தட்டுக்கு அடியில் கடுகளவு மெழுகு ஒட்டியிருந்தாலும் ஒரு விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார். கடைத்தெருவில் அவருக்குப் பெயரே ‘கிராம்’. அப்படிப்பட்டவருக்கு ஒரு பார்வையின் எடை தெரியாதா? அதில் சந்தேகம் கலந்திருந்தது.

முதுகுவலி பொய் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு இரும்பு எடைக்கல்லைக் குனிந்து தூக்கும்போது இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டது. ஆறு வாரம் நிமிர முடியாமல் தவித்தார். அதன் பிறகும் வலி வந்து வந்து போனது. வந்தபோதெல்லாம் வீடு முழுக்கத் தெரிந்தது. போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆறு வாரத்தில் அவள் கைக்கு மாறிய வாளி, தண்ணீர் கேன், மார்க்கெட் பை ஒன்றுகூட அவர் கைக்குத் திரும்பி வரவும் இல்லை.

அவளுக்கும் கழுத்திலிருந்து தோள்பட்டை வரை ஒரு வலி உண்டு. லிஃப்ட் இல்லாத கட்டடம், மூன்று மாடி, தினமும் ஒரு வாளி. ஒருநாள் சொல்லியும் பார்த்தாள். “எனக்கு முதுகு” என்று அவர் பதில் சொன்னார். அதற்கப்புறம் அவள் சொல்லவில்லை. அந்த வீட்டில் வலிக்கென்று ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

எலும்பு டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“எலும்பெல்லாம் நல்லா இருக்கு.”

“அப்ப வலி?”

“வலியும் இருக்கு. ரெண்டும் சேர்ந்து இருக்கலாம். இந்தச் சீட்டை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போங்க.”

சீட்டில் ‘நாள்பட்ட வலிக்கான மன-உடல் சிகிச்சை’ என்று எழுதியிருந்தது. அவர் மாடிக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தார்.

“மனசுன்னு போட்டிருக்கான் பாரு. எனக்கென்ன பைத்தியமா?”

“அப்படி இல்லைங்க. வலி நிஜம்தான். காயம் ஆறின பிறகும் மூளை ஆபத்து ஆபத்துன்னு மணி அடிச்சுக்கிட்டே இருக்கும். அந்த மணியை நிறுத்தப் பழக்குவாங்க.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“நான் நூலகத்துல வேலை பார்க்கிறேன்.”

அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தில் வாசகர் வட்டம் வேறு நடக்கிறது, நாலு மாசமாக ஒரு வாரம் தவறாமல் போகிறாள். எதையாவது படித்திருப்பாள்.

“இவ்வளவுதான் தூக்கலாம், இதைத் தூக்கக் கூடாதுன்னு சீல் வெச்சு எழுதித் தருவாங்களா?”

“சீல் வெச்சுத்தான் தருவாங்க” என்றாள் அவள்.

வலி ஆலோசகர் பெரிய கண்ணாடி போட்ட இளம்பெண். அறையில் இரண்டு நாற்காலி, ஒரு செடி. படுக்கவைக்கவில்லை, தட்டிப் பார்க்கவில்லை. வயிற்றில் கை வைத்து மூச்சை மெல்ல விடச் சொன்னார். பிறகு ஒரு நீல நோட்டைக் கொடுத்தார்.

“என்ன செய்யும்போது எவ்வளவு வலிக்குதுன்னு தினமும் எழுதுங்க சார். பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும்.”

கிராமுக்கு உள்ளம் குளிர்ந்தது. அளவு. அவருடைய சொந்த ஊருக்கே கூட்டிவந்து விட்டதைப் போல இருந்தது. தராசில் எவ்வளவுக்கு எவ்வளவு கனம் காட்டுகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு சலுகை. பிடிக்காத வேலைக்கெல்லாம் எண்ணை ஏற்றிப் போட்டால், அம்மணி பார்த்துப் பதறி, ‘இதையெல்லாம் கனவிலும் செய்யாதீர்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். காகிதத்தை வாளிக்கு நேர் மேலே ஆணி அடித்து மாட்டிவிடலாம்.

அன்று மாலையே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“வாளி தூக்கினா எவ்வளவு போடலாம்?”

“நீங்கதான் தூக்கறதே இல்லையே.”

“நினைச்சாலே வலிக்குது.”

“அப்ப அதையே எழுதுங்க.”

“ஏழு போடட்டுமா?”

“ஏழுன்னா லேசா எடுத்துக்குவாங்க. ஒன்பது போடுங்க.”

அவர் பேனா மூடியைத் திறந்தார். கட்டினவள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

“பத்தே போட்டுட்டா?”

“பத்துன்னா ஆஸ்பத்திரியிலயே படுக்க வெச்சுடுவாங்க. ஒன்பதுதான் சரி.”

“தண்ணி கேன்?”

“ஒன்பது.”

“உன் அண்ணன் வீட்டுக்குப் போறது?” என்று தயங்கிக் கேட்டார். மச்சான் வீட்டு மர நாற்காலியைவிட மச்சானின் அறிவுரைதான் அவருக்கு அதிகம் குத்தும்.

“உங்களுக்கு என்ன தோணுதோ அதைப் போடுங்க.”

“எட்டரை.”

“அரையெல்லாம் எதுக்கு? ஒன்பதாவே இருக்கட்டும்.”

“ரெண்டாவது மாடியில கேரம் ஆடறது?” என்று தானே கேட்டுக்கொண்டு, தானே ‘ஒன்று’ என்று எழுதினார். இரண்டு மணி நேரம் பலகை மேல் கவிழ்ந்து கிடக்கிற ஆட்டம் அது. ஊரார் தராசுத் தட்டையெல்லாம் தடவிப் பார்த்த விரல், சொந்தத் தட்டுக்கு அடியில் மட்டும் போகவில்லை.

எழுதி முடித்துவிட்டு வழக்கம்போல் அன்றைய தராசுக் கதையை ஆரம்பித்தார். அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். முன்பெல்லாம் சமையலறையிலிருந்தே ‘ம்’ கொட்டுவாள். இந்த நாலு மாசமாகத்தான் எதிரே வந்து உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடி, மூச்சை மெல்ல விட்டு, லேசாகப் புன்னகைத்தபடி கேட்கிறாள். முதலில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாள். பிறகு பத்து. இப்போது பதினைந்து. சமையலறையில் டைமர் அடித்ததும் எழுந்து போவாள். அடுப்பில் ஏதோ வைத்திருப்பாள். காலம் போன காலத்தில் தன் பேச்சின் அருமை இவளுக்குப் புரிந்துவிட்டதே என்று அவருக்குப் பெருமை.

அடுத்த வாரம் அவளையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். ஆலோசகர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கிராம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார்.”

“அப்ப ஒன்பது போட்டதையெல்லாம் விட்டுடணும், இல்லையா மேடம்?”

“விடவே கூடாது சார். நீங்க ஒதுங்க ஒதுங்கத்தான் மூளை பயந்துக்கிட்டு இன்னும் சத்தமா மணி அடிக்கும். எதுக்கு ரொம்பப் பயப்படறோமோ அதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாச் செஞ்சு, ‘ஆபத்து இல்லை’ன்னு பழக்கணும். நமக்கு ஒன்பதுதான் முக்கியம்.”

கிராம் மனைவியைப் பார்த்தார். அவள் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், அந்த ஒன்பது கொஞ்சம் அவசரத்துல போட்டது. நிதானமாப் பார்த்தா மூணுதான் இருக்கும்.”

“மூணா? அப்ப ரொம்ப நல்லது. நாளைக்கே முழு வாளியில ஆரம்பிச்சிடலாம்.”

“இல்லை, ஒன்பதுதான்.”

“அப்ப முதல் வாரம் கால் வாளி.”

எந்தத் தட்டில் ஏறினாலும் முள் ஒரே பக்கம் சாய்கிற தராசை அவர் அதுவரை பார்த்ததில்லை.

“கேரம்?” என்றார், இருக்கிற ஒன்றையாவது காப்பாற்றிக்கொள்ள.

“ஒண்ணு ரெண்டு போட்டிருக்கிறதுக்குப் பயிற்சியே தேவையில்லை சார். அந்த நேரத்தை இதுக்கு எடுத்துக்கலாம்.”

பயிற்சித் தாள் தயாரானது. முதல் வாரம் கால் வாளி, இரண்டாம் வாரம் அரை, மூன்றாம் வாரம் முக்கால், நாலாம் வாரம் முழு வாளி, பிறகு தண்ணீர் கேன். ஞாயிறுதோறும் மச்சான் வீடு, அரை மணியில் ஆரம்பித்து. கீழே கையெழுத்துப் போட்டு, வட்டமாக, நீல மையில், அழுத்தமாக ஒரு முத்திரையும் குத்தினார் ஆலோசகர். வீட்டுக்கு வந்ததும் மனைவி அதை வாளிக்கு நேர் மேலே மாட்டினாள். ஆணி அடித்தது அவர்தான். ஆணி அடிக்க அவர் எண் எதுவும் போட்டிருக்கவில்லை.

முதல் வாரம் ஒவ்வொரு படியிலும் நின்று, “ஆபத்து இல்லை, ஆபத்து இல்லை” என்று முனகிக்கொண்டே ஏறினார். இரண்டாவது மாடியில் கேரம் நண்பர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“யார்கிட்ட சார் பேசறீங்க?”

“மூளைகிட்ட.”

“பதில் வருதா?”

“இன்னும் வரலை.”

மூன்றாவது வாரம் வந்தது. ஒருநாள் மொட்டைமாடிக்குப் போய், துணியெல்லாம் காயப்போட்டுவிட்டுக் காலி வாளியோடு இறங்கி வரும்போதுதான், முதுகை நினைக்கவே இல்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. சந்தோஷமாக இருந்தது. மூன்று வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டார்.

நாலாவது வாரம் இருவருமாக மறுபடி அங்கே போனபோது, வரவேற்பு மேஜையில் இருந்த பெண் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. மனைவியைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

“அக்கா, உங்களுக்கு எப்பவும் போல செவ்வாய்க்கிழமையே போட்டுடட்டுமா?”

 வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் கிராம் கேட்டார்.

“வாசகர் வட்டம்?”

“இல்லைங்க. கழுத்து வலி.”

“நாலு மாசமாவா?”

“அஞ்சு மாசம் ஆச்சு. என்ன புத்தகம் படிக்கிறீங்கன்னு ஒருநாள் கேட்டிருந்தீங்கன்னா அன்னிக்கே சொல்லியிருப்பேன்.”

“வலிக்குதுன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன். ‘எனக்கு முதுகு’ன்னு சொன்னீங்க.”

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஆய்வாளர் ஆய்வாளர்தான். “உன் நோட்டைக் காட்டு” என்றார். அவள் தயங்காமல் எடுத்துவந்து கொடுத்தாள். அதே நீல நோட்டு, ஓரமெல்லாம் மடங்கியிருந்தது.

முதல் பக்கத்தில், ‘வாளி: எட்டு’ என்று இருந்தது. பக்கங்கள் புரளப் புரள அது ஆறாகி, நாலாகிக் கடைசியில் இரண்டில் நின்றது.

“வாளி உனக்கு ரெண்டுதானே? அப்ப நீயே தூக்கலாமே.”

“ஒண்ணு ரெண்டு இருக்கிறதுக்குப் பயிற்சியே தேவையில்லைன்னு உங்க முன்னாடிதானே சொன்னாங்க?”

அவர் பேச்சை வளர்க்காமல் மேலே படித்தார். ஒன்பது எதற்குப் போட்டிருக்கிறாள் என்று தேடினார். ஒரே ஒரு வரிக்குத்தான் போட்டிருந்தாள். ‘சாயங்காலம், அவருடைய தராசுக் கதை: ஒன்பது.’ அதற்கு நேரே பயிற்சி. ‘எதிரே உட்காரவும். வயிற்றில் கை. மூச்சை மெல்ல விடவும். லேசாகப் புன்னகைக்கவும். ஆபத்து இல்லை, தராசுதான். முதலில் ஐந்து நிமிஷம்.’ அடுத்த பக்கத்தில் பத்து நிமிஷம். அதற்கும் அடுத்த பக்கத்தில் பதினைந்து.

கிராம் நோட்டை மூடினார். 

“இப்ப எவ்வளவு இருக்கு?” என்றார்.

“நேத்து நாலு.”

ஒன்பதிலிருந்து நாலு. மனசு வலிக்கத்தான் செய்தது, ஆனால் இந்த வேகத்தில் இறங்கினால் என்றைக்காவது ஒருநாள் பூஜ்யத்துக்கு வந்துவிட மாட்டோமா என்று ஒரு ஆசையும் எழுந்தது. கொஞ்சம் தெம்பு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இன்னிக்குச் சாக்குக் கடையில ஒரு தராசு பார்த்தேன் பாரு…”

“ஒரு நிமிஷம் இருங்க” என்று அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. டைமரை முறுக்கி வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடினாள்.

“ம், இப்ப சொல்லுங்க.”