நான் பார்த்த படத்தில் அம்மா சாகவில்லை

“பார்த்த படத்தையே எத்தனை தடவைதான் பார்ப்பாய்?” என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரே கோயிலுக்குப் போகிறவனை யாராவது இப்படிக் கேட்கிறார்களா? தினமும் அதே ரொட்டியையும் அதே சம்பலையும் தின்கிறவனைக் கேட்கிறார்களா? படம் என்றால் மட்டும் ஒரு தடவை போதுமாம். யார் வைத்த சட்டம் இது?

புதுப் படம் எனக்குத் தண்டனை. திரையில் ஒரு குழந்தை வாசலுக்கு ஓடினால், கிணறு எங்கே இருக்கிறது என்று என் கண் தேடும். கதாநாயகன் இருமினால் எனக்கு நெஞ்சடைக்கும். (வீட்டில் யாராவது இருமினாலும் அப்படித்தான்.) பார்த்த படத்தில் இந்தத் தொல்லை கிடையாது. யார் பிழைப்பார்கள், யார் வீடு வந்து சேருவார்கள் என்பதெல்லாம் முன்பே தெரியும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். மழை பெய்தால் கொழுந்து வாடாதே என்று கவலை. வெயில் அடித்தால் காய்ந்து போகுமே என்று கவலை. ஞாயிற்றுக்கிழமை அட்டன் டவுன் சினிமாக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும்தான் கவலைக்கு லீவு.

அப்படி நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு படம்தான் என் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது. படத்தைக் குற்றம் சொல்லக் கூடாது. எல்லாம் அந்தக் கொட்டகை மேனேஜரின் வேலை. ஆளை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். (மிச்சமிருக்கிற பல்லைத்தான்.)

பக்கத்துத் தோட்டத்து வீராசாமிக் கங்காணியின் மகள் செல்லம்மாவை எனக்குப் பேசியிருந்தார்கள். வெற்றிலை மாற்றுவதுதான் பாக்கி. கங்காணியின் மனைவி, அதாவது எனக்கு அத்தையாகப் போகிறவர், ஆஸ்பத்திரியில் கிடந்து அப்போதுதான் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். அவருக்கு ஒரு படம் பார்க்க ஆசை. தோட்டத்து லொறி ஞாயிற்றுக்கிழமை அட்டனுக்குப் போகிறதே, இரண்டு வீட்டாரும் சேர்ந்து போய் வரலாமே என்று நானே போய் வாயைக் கொடுத்தேன்.

கங்காணி மீசையைத் தடவினார். “சினிமான்னா யாராச்சும் செத்து வைப்பாங்களே தம்பி. இவ இப்பத்தான் பொழைச்சு வந்திருக்கா. ஒரு சாவைப் பாத்துட்டு வந்து வெத்தலை மாத்த முடியுமா?”

“ஒருத்தரும் சாக மாட்டாங்க மாமா. மகன் மேல பொய்க் கேசு போட்டு ஊரை விட்டே தொரத்திருவாங்க. அந்த அம்மா ஏக்கத்துல படுத்த படுக்கையாயிருவாங்க. கடைசியில மகன் திரும்பி வந்ததும் எந்திரிச்சு உக்காந்துருவாங்க. எனக்கு மனப்பாடம்.”

“அம்புட்டு நிச்சயமா?”

“மாரியம்மா மேல சத்தியமுங்க.”

“சத்தியம் பண்ணிட்ட. பொய்யாப் போச்சுன்னா இந்தச் சம்பந்தமே வேணாம். பொய்க்காரன் கையில நான் பொண்ணக் குடுக்க மாட்டேன்.”

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். எதற்கெடுத்தாலும் நடுங்குகிற நான் அன்றைக்கு மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயத்தைத்தானே கேட்கிறார்!

அந்தக் காலத்தில் ஒரே படத்தை இரண்டு ஊர்க் கொட்டகைகள் பங்கு போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள். தலவாக்கலையில் முன்னதாகத் தொடங்கிவிடுவார்கள். அங்கே ஓடி முடிந்த ரீலைப் பெட்டியில் வைத்துக் காரில் அட்டனுக்கு அனுப்புவார்கள். இங்கே ஒரு ரீல் முடிவதற்குள் அடுத்தது வந்து சேர்ந்துவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் பிசகியதில்லை. என் ஜாதகத்துக்காகவே அன்றைக்குப் பிசகியது.

வெளியே நல்ல மழை. திரையில் மகன் ஊர் எல்லைக்கு வந்துவிட்டான். அம்மா பாயில் கிடக்கிறார். கன்னம் இரண்டும் பணியாரம் போல் உப்பிய, மகராசி மாதிரியான அம்மா. அந்த இடத்தில் திரை வெளுத்துப் போனது. கடைசி ரீல் வரவில்லை. கார் எங்கோ மேட்டில் நின்றுவிட்டதாம். கெலரி பெஞ்சுகளில் விசில் பறந்தது. ஒருவன் பெஞ்சைத் தூக்கிப் போட்டான். கொட்டகை விளக்குகளைப் போட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது. அப்பாடா என்று சாய்ந்தேன்.

அதே கதாநாயகன்தான் வந்தார். ஆனால் போலீஸ் உடுப்பில், முழ நீள மீசையோடு. “போலீசுல சேந்துட்டாரு போல,” என்றான் பின்னாலிருந்த ஒருவன். எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்ததாக ஈர்க்குச்சி போல ஓர் அம்மா கட்டிலில் கிடந்தார். பாய் எப்படிக் கட்டிலானது என்று கேட்க ஒரு நாதி இல்லை. அந்த அம்மா இரண்டு தடவை இருமிவிட்டுச் செத்தும் போனார். சிதை எரிந்தது. படம் முடிந்ததென்று ‘வணக்கம்’ போட்டுவிட்டார்கள்.

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினார். நான் பெஞ்சின் மேல் ஏறி நின்றேன்.

“நிப்பாட்டுங்கடா! இது இந்தப் படத்து அம்மா இல்ல!”

“எறங்குடா கீழ!”

“அந்த அம்மா குண்டா இருந்தாங்க! இது வேற பொம்பளை! வேற படத்து ரீலு!”

“நோவுல கெடந்தா மனுசி எளைக்க மாட்டாளா?” என்றாள் முன் வரிசையிலிருந்த ஒரு பெண், மூக்கைச் சிந்திக்கொண்டே. “ஒன் ஆத்தாளாயிருந்தா இப்படிப் பேசுவியா?”

கங்காணி என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். “எறங்கு தம்பி. சாவு வீட்டுல சத்தம் போடாத.”

நேரே மேனேஜரிடம் ஓடினேன். மனுஷன் சாவகாசமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“கார் வரல. முடிவு காட்டாம அனுப்புனா கொட்டகைய ஒடைச்சுப் போட்டுருவானுக. கெடந்த பழைய ரீல ஓட்டச் சொன்னேன். பாரு, எவ்வளவு அமைதியா அழுதுக்கிட்டுப் போறாங்க. ஒன்னத் தவிர ஒரு மனுசன் கேட்டானா?”

இந்தக் கேள்விதான் இன்று வரைக்கும் என் வயிற்றில் எரிகிறது. ஒரு கொட்டகைச் சனம் முழுவதும் ஒரு தாயை மாற்றி இன்னொரு தாயைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போகிறதே! “இதை எங்க மாமாகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க,” என்று கெஞ்சினேன். அவர் கை காட்டினார். வாசல்காரன் என் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் மழையில் வைத்தான். ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

லொறியில் ஏறினால் எழவு வீடுதான். கங்காணி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “இந்தப் பேச்சு இதோட நிக்கட்டும்.”

செல்லம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அவளைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ! தார்ப்பாய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

“பேச்சு நிக்கலாம் மாமா. படம் நிக்கக் கூடாது. உண்மையான முடிவு என்னான்னு கேட்டுட்டுப் போங்க!”

ஆடுகிற லொறியில் அந்தக் கடைசி ரீலை முழுதாக நடித்துக் காட்டினேன். நானே மகன், நானே டாக்டர், நானே வில்லன். அம்மாவாகப் படுத்திருந்தபோது லொறி வளைவில் திரும்ப, உருண்டு போய்க் கங்காணியின் மடியில் தலை வைத்தேன். அவர் தள்ளிவிடவில்லை. (பயந்துபோயிருந்தார் என்று பிறகு தெரிந்தது.) சத்தம் கேட்ட சிங்கள டிரைவர் பண்டா லொறியை ஓரங்கட்டிவிட்டுப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

“அம்மா மெருணத?” அம்மா செத்துவிட்டாளா என்று கேட்டார்.

“நே! நே!” என்று அலறினேன். “அம்மா ஹொந்தய்!” சாகவில்லை, நன்றாயிருக்கிறாள்!

கண்ணைத் திறந்தேன். “வந்துட்டியா ராசா?” என்று அம்மாவின் குரலில் கேட்டேன். ஆத்திரத்தில் எனக்கே அழுகை வந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு எழுந்து நின்று அழுதேன்.

முதலில் வாயைத் திறந்தவர் அத்தை. “பொழைச்சுட்டாளா? அது போதும்பா.”

கங்காணி என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். பிறகு மனைவியிடம் சொன்னார்: “இவன் பொய்க்காரன் இல்ல புள்ள. பைத்தியம். பொய்க்காரனுக்குத்தான் பொண்ணு குடுக்கக் கூடாது. பைத்தியத்துக்குக் குடுக்கலாம்.”

அந்த வாரமே வெற்றிலை மாற்றினார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் செல்லம்மா குரலை உயர்த்தினால் போதும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, “நிப்பாட்டுங்கடா, இது இந்தப் படத்து அம்மா இல்ல!” என்று கத்துவார்கள். அவளும் சிரித்துவிடுவாள். நான் மட்டும் சிரிப்பதில்லை. காரணம் இருக்கிறது.

எங்கள் மூத்தவன் சின்னவனாக இருந்தபோது ஒரு நாள், இந்தக் கதையை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘வந்துட்டியா ராசா’ என்ற இடம் வந்ததும் அடுப்படியிலிருந்து செல்லம்மாவின் குரல் கேட்டது.

“அந்த அம்மா அப்படிச் சொல்லவே மாட்டாங்க. பேசாம, மகன் நெத்தியில ஒட்டுன மண்ணத் தொடச்சு விடுவாங்க. அம்புட்டுத்தான்.”

எனக்குத் திக்கென்றது. உண்மை! ஆத்திரத்தில் அதை மறந்து, வசனத்தை நானாகச் சேர்த்திருக்கிறேன்.

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“நாலஞ்சு தடவை பாத்திருக்கேனே. வயித்து வலின்னு காலையில பேர் குடுக்குற பெரட்டுக்குப் போகாம, லயத்து வீட்டுப் புள்ளைங்களோட ஓடிப்போய்ப் பாப்போம்.”

“அப்ப அன்னைக்கு லொறியில ஏன்டி வாயத் தொறக்கல?”

“தொறந்திருந்தா அப்பா என் காலை ஒடிச்சிருப்பாரு,” என்றாள், ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. “அதோட நீங்க நல்லாத்தான் நடிச்சீங்க. நடுவுல நிப்பாட்ட மனசு வரல.”

நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா பிழைத்ததைக் கண்ணால் கண்ட சாட்சி எனக்கு எதிரிலேயே, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! மேனேஜரையாவது ஒரு நாள் மன்னித்துவிடுவேன்.