மானிட்டருக்கு ரேஞ்சு கிடைக்கவில்லை

நான் கணினி அறிவியல் பட்டதாரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்கதையையும் கேட்ட பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். (சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.)

படிப்பை முடித்துவிட்டு, போடிமெட்டுப் பாதையில் எங்கள் ஏலத்தோட்டத்து வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் துப்பாக்கிச் சண்டை விளையாடிக்கொண்டிருந்தேன். நான் ஸ்டோருக்கு வரவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஸ்டோர் என்றால், பறித்த ஏலக்காயைக் காயவைத்துத் தரம் பிரிக்கும் கட்டடம். எனக்கோ விளையாட்டுதான் தொழில். ஆன்லைன் போட்டிகளில் ஜெயித்தால் பெரிய அணியில் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஓயாமல் சொல்லிவந்தேன். வரிசையாக மூன்று போட்டிகளில் தோற்றபோது, "என் தப்பு இல்லப்பா, ஸ்கிரீன் சின்னது" என்றும் வாய் கூசாமல் சொன்னேன்.

அடுத்த வாரம் அப்பா போடியிலிருந்து பழைய பெரிய மானிட்டர் ஒன்றை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்.

"ஞாயித்துக்கெழம மூணு மணிக்குப் போட்டின்னேல்ல? நானும் உக்காந்து பாக்குறேன். செயிச்சியா, ஒன் சோலிய நீ பாரு. இல்லையா, திங்கக்கெழம காலைல ஸ்டோருக்கு ஜீப்பு ஏறணும். அதுக்கப்புறம் ஒரு பேச்சு பேசக் கூடாது."

"சரிப்பா" என்றேன். அவ்வளவு தன்னம்பிக்கை.

எங்கள் பக்கத்தில் போனுக்கு சிக்னல் என்று யாரும் சொல்வதில்லை. ரேஞ்சு. ரேஞ்சு இருக்கா, ரேஞ்சு போச்சு, ரேஞ்சு வந்ததும் பேசுறேன். பிறந்ததிலிருந்து காதில் விழும் சொல். வீட்டில் ரேஞ்சு கிடைக்கும் ஒரே இடம் அடுப்படி ஜன்னல். போனை அதன் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுத்தான் லேப்டாப்புக்கு இன்டர்நெட் எடுப்பேன்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மானிட்டரை மாட்டினேன். லேப்டாப் முகப்பில் நான் வைத்திருந்த, கூலிங்கிளாஸ் போட்ட என் படம் அதில் பெரிதாகத் தெரிந்தது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விளையாட்டைத் திறந்தேன். மானிட்டர் முழுக்கக் கறுத்துப்போய், நடுவில் மூன்றே ஆங்கிலச் சொற்கள் வந்தன: 'அவுட் ஆஃப் ரேஞ்ச்.'

"என்னடா எழுதிருக்கு?"

"ரேஞ்சு இல்லையாம்ப்பா."

வேறு ஊர்ப் பட்டதாரியாக இருந்தால் இந்த இடத்தில் யோசித்திருப்பான். நானும் யோசித்தேன், அதுதான் வினை. லேப்டாப்பில் விளையாட்டு பளிச்சென்று தெரிகிறது. ஆக, சின்னத் திரைக்கு ரேஞ்சு போதுகிறது, பெரிய திரைக்குப் போதவில்லை. இந்த ஆராய்ச்சி முடிவுக்கு வர எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. மானிட்டரைத் தூக்கிப்போய் அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கேயும் அதே மூன்று சொற்கள்.

எங்கள் ஜீப் ஓட்டும் தங்கச்சன் எட்டிப் பார்த்தார். மலையாளி, எதற்கும் கலங்காத மனுஷன். "ரேஞ்ச் இல்லல்லோ மோனே. மேல வளைவுல டீக்கடைகிட்ட ஃபுல் ரேஞ்ச் உண்டு, வா" என்றார். மூன்று பெரிய ஆண்பிள்ளைகள். ஒருவருக்குக்கூட இது மடத்தனம் என்று தோன்றவில்லை.

லேப்டாப்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, மானிட்டரைச் சாக்கில் சுற்றி ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் அது என் தாடையில் இடித்தது. டீக்கடைக்காரர் குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எங்களுக்குக் கரண்டு கொடுத்தார். எதிரிலேயே செல்போன் டவர். போனில் எல்லாக் கோடும் நிறைந்திருந்தது. விளையாட்டைத் திறந்தேன்.

அவுட் ஆஃப் ரேஞ்ச்.

"ஏன்டா, டவரே கண்ணு முன்னால நிக்கிது. இன்னும் எங்கிட்டுடா ரேஞ்சு வேணும் இதுக்கு?" என்று அப்பா கத்தினார். டீ குடிக்க இறங்கிய பஸ் பயணிகள் சுற்றி நின்றுகொண்டார்கள். "கொஞ்சம் தூக்கிப் புடிங்க தம்பி" என்றார் ஒருவர். தூக்கினேன். "டவரப் பாத்துத் திருப்புங்க" என்றார் இன்னொருவர். திருப்பினேன். ரோட்டோரத்தில், தலைக்கு மேல் மானிட்டரைத் தூக்கி டவருக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். இன்று நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாக ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் அக்காவுக்குப் போன் போட்டேன். போடியில் பிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருப்பவள், தினமும் மானிட்டரோடு மாரடிப்பவள். முதலிலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பாளே என்ற கௌரவம்.

"அக்கா, மானிட்டருக்கு ரேஞ்சு கெடைக்கல. போடியில ரேஞ்சு நல்லாருக்கா? வெரசா சொல்லு, எறங்கி வந்துர்றோம்."

"மானிட்டருக்கு எதுக்குடா ரேஞ்சு?"

மூன்று சொற்களையும் படித்துக் காட்டினேன். அவள் சிரித்து முடிக்க ஒரு நிமிடம் ஆனது.

"எருமை, அது போன் ரேஞ்சு இல்லடா! படம் நொடிக்கு எத்தன தடவ மாறணும்னு கேம் செட்டிங்ல ஒரு நம்பர் இருக்கும். எவ்வளவு வச்சிருக்க?"

"நூத்தி நாப்பத்தி நாலு." (முந்தின நாள் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு நானே மாற்றியது.)

"அது பழைய மானிட்டரு, அவ்வளவு தாங்காது. அறுபது வையி."

வைத்தேன். படம் வந்தது. டீக்கடையே கைதட்டியது.

"ஆமா, லேப்டாப்புல கேம் தெரிஞ்சுச்சா?" என்றாள்.

"தெரிஞ்சுச்சு."

"அப்ப அதுலயே வெளையாட வேண்டியதுதானடா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் மானிட்டரைப் பார்த்தேன்.

போட்டி சரியாக மூன்று மணிக்கு ஆரம்பித்தது. இரண்டே நிமிடத்தில் என்னைச் சுட்டுவிட்டார்கள். எங்கிருந்து சுட்டார்கள், நான் எந்தப் பக்கம் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதெல்லாம் ஒரு பஸ் ஜனத்துக்கும் தெளிவாகத் தெரிந்தது. "அவ்வளவுதானா தம்பி?" என்று ஒருவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

அப்பா டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். "ஸ்கிரீன் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு தங்கச்சனிடம், "காலைல ஆறு மணிக்கு வண்டிய எடுத்துரு" என்றார்.

ஸ்டோருக்கு வந்து ஐந்து வருடமாகிவிட்டது. ஏலக்காயைக் கையில் எடுத்தாலே எத்தனை மில்லிமீட்டர் பருமன் என்று சொல்லிவிடுவேன், யாரும் அதைப் பாராட்டுவதில்லை. ஆனால் அந்த வளைவுக்கு ஜீப்காரர்கள் 'மானிட்டர் வளைவு' என்று பேர் வைத்துவிட்டார்கள். கண்டக்டரே அப்படித்தான் கூவுகிறார்.

போன மாதம் கூரியர்காரர் போனில் வழி கேட்டார். அடுப்படி ஜன்னலோரம் நின்றபடி, வேறு வழியில்லாமல், "மானிட்டர் வளைவு தாண்டி ரெண்டாவது கேட்டு" என்றேன்.

"அதென்ன சார் அப்படி ஒரு பேரு?"

"தெரியலையே" என்றேன்.

"எனக்குத் தெரியும், போன இங்க குடுங்க" என்று கொல்லையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தாள் என் மனைவி.