தூண் அழுத கதை

கட்டடத்துக்கு நாடி பார்க்கிறவர் வந்துவிட்டார் என்றதும் ஆறு மாடியும் கீழே இறங்கிவிட்டது. லிஃப்டில் இடமில்லை. படிக்கட்டில் நெரிசல். சங்கக் கூட்டம் என்றால் திடீர்க் காய்ச்சல் வருகிறவர்களும், தண்ணீர்த் தொட்டி கழுவக் கூப்பிட்டால் அவசரமாக வெளியூர் போகிறவர்களும் முதல் வரிசைக்கு அடித்துக்கொண்டார்கள்.

நாடி ஐயா வந்தார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் காலணி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்க அவரிடம் பட்டம் இல்லை. அதனால் தூண்களுக்குப் பார்த்தார். இதில் ஒரு வசதி உண்டு. எந்தத் தூணும் "எனக்கு இன்னும் குணமாகலையே" என்று திரும்பி வந்து சண்டை போடாது.

ஊரில் பயம் பழுத்திருந்த நேரம் அது. நகரத்தின் மறுகோடியில் ஒரு லாரி பின்னால் நகர்ந்து ஒரு கட்டடத்தின் மூலைத் தூணில் இடித்தது. மூலை மட்டும் விழுந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். தூண் ஒடிய, அது தாங்கிய தளம் சரிய, சரிந்த தளம் கீழ்த் தளத்தை அமுக்க, அந்தப் பாரத்தில் பக்கத்துத் தூணும் ஒடிய, கொஞ்ச நேரத்தில் பாதிக் கட்டடம் தெருவில் கிடந்தது. அன்று முதல் எல்லோரும் தங்கள் வீட்டுச் சுவரையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். பத்து வருஷமாக இருந்த கீறல் எல்லாம் நேற்று வந்ததாகத் தெரிந்தது. இப்படிப்பட்ட நேரத்தில்தான் நாடி ஐயாக்கள் அவதரிக்கிறார்கள்.

நாடி ஐயாவை வாசலில் நின்று வரவேற்றவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். தெருமுனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊர்க் கண்ணையெல்லாம் சோதித்து அளவு சொல்கிற மனிதர், அன்றைக்குத் தன் கண்ணைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"கட்டடம்னா கல்லும் சிமெண்டும்னு நினைக்காதீங்க," என்றார் நாடி ஐயா. "அது ஒரு குடும்பம். ஒரு தூணுக்குத் துக்கம் வந்தா பக்கத்துத் தூணுக்கும் தொத்தும். எல்லாம் சேர்ந்து அழுதா கட்டடம் உக்காந்துடும். அங்க விழுந்துச்சே, அது அழுதுதான் விழுந்துச்சு."

லாரி என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாடி ஐயா கண்களை மூடினார். மூடிய கண்ணோடு நடந்து, தரைத் தளத்தில் இருந்த சோபாக் கடைக்குள் நுழைந்தார். சோபாக்களுக்கு இடையில் எதிலும் முட்டாமல் நேராகப் போய், நடுத் தூணைக் கட்டிப்பிடித்தார். அலங்காரத்துக்காகச் சுற்றிலும் கண்ணாடி ஒட்டிய தூண். ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"இதான்! இதை அப்படியே வெட்டி எடுத்துடணும். மத்த தூணுக்கெல்லாம் நான் தர்ற செப்புப் பட்டையைக் கட்டணும். துக்கம் தொத்தாது."

சோபாக் கடைக்காரர் நெஞ்சில் கை வைத்தார். "என் கடை பாழானாலும் பரவாயில்லைங்க. உடைக்கிற செலவை நானே ஏத்துக்கறேன். உங்க உயிர்தான் எனக்கு முக்கியம்."

கூட்டம் உருகியது. தெருவில் இருந்து பார்த்தால் பெரிய சோபா தெரியாமல் இந்தத் தூண் மறைக்கிறது, எடுத்துத் தாருங்கள் என்று போன வருஷம் சங்கத்தில் மனுக் கொடுத்தவர் இதே மனிதர்தான். முடியாது என்று சங்கம் சொன்னதும் எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சேர்த்துப் பார்ப்பது சிரமமான வேலை. செப்புப் பட்டைக்குப் பேர் கொடுப்பது சுலபம். வரிசை வாசல் வரை நீண்டது.

கண்ணாடிக்காரரின் மனைவி மட்டும் வரிசையில் நிற்கவில்லை. மாடிக்குப் போய் நாத்தனாருக்குப் போன் போட்டாள். நாத்தனார் கட்டடங்களின் பலத்தைக் கணக்குப் போடும் எஞ்சினியர்.

அன்று மாலையே தங்கை வந்துவிட்டாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"அண்ணே, அந்தத் தூணை எடுத்தா அது சுமக்கிற பாரம் எங்க போகும்?"

"துக்கம்தான் போயிடுமே."

"துக்கம் போகும். மேல இருக்கிற ஆறு மாடி எடை போகாது. அது பக்கத்துத் தூண் தலையில ஏறும். அது தன் பங்கைத் தாங்கத்தான் கட்டினது. தாங்காம ஒடிஞ்சா அதோட பாரமும் சேர்ந்து அடுத்ததுக்குப் போகும். அந்த லாரி இடிச்ச கட்டடம் இப்படித்தான் விழுந்துச்சு. அழுதெல்லாம் இல்ல."

"அப்போ எல்லாக் கட்டடமும் அப்படித்தானே?"

"இல்லண்ணே. இப்பல்லாம் நாங்க படம் போடும்போதே ஒரு தூணை அழிச்சுப் பார்ப்போம். அது இல்லாமலும் மேல்தளம் தொங்கிக்கிட்டாவது நிக்கணும். அதுக்காக உத்தரத்துக் கம்பியை எங்கயும் விடாம இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கோத்து விடுவோம். ஒரு தூண் போனா பாரம் கம்பி வழியா சுத்திப் போகும். உங்க கட்டடம் பழசு. போன வருஷமே கருவி வெச்சுத் தேடிப் பார்த்தேன். கம்பி ஒவ்வொரு தூண்லயும் அறுந்து அறுந்து நிக்குது. சுத்திப் போக வழியே இல்ல."

மனைவி குறுக்கே வந்தாள். "நம்ம கட்டில் அந்தத் தூணுக்கு நேர் மேல கிடக்கு. பாப்பா அங்கதான் தூங்கறா."

கண்ணாடிக்காரர் எழுந்து போய்ப் பாப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார். ஆனாலும் நம்பிக்கை என்பது ஒட்டுப்புல் மாதிரி, உதறினால் போகாது. "அவர் கண்ணை மூடிக்கிட்டே கண்டுபிடிச்சாரும்மா. அது எப்படி?"

"கண்ணு உன் தொழில். நல்லா மூடியிருந்துச்சா?" என்றாள் தங்கை.

நாடி ஐயாவின் இமைகள் துடித்தது கண்ணாடிக்காரருக்கு இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பார்க்காத கால், வழியில் கிடந்த ஸ்டூலை அத்தனை அழகாகத் தாண்டியதும் ஞாபகத்துக்கு வந்தது. அப்போதே பார்த்ததுதான். கும்பலோடு கும்பலாக நின்றதில் பார்த்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் தூணை உடைக்க ஆட்கள் சம்மட்டியோடு வந்தார்கள். கூட்டமும் வந்தது. தங்கை நாடி ஐயாவை வணங்காத குறையாகப் பேசினாள்.

"ஐயா, சந்தேகப் பிராணிங்க சில பேர் இருக்காங்க. அவங்க வாயை அடைக்க இன்னொரு தடவை கண்டுபிடிச்சுக் காட்டுங்க. தூண் எல்லாத்தையும் அட்டைப்பெட்டியால மூடிடறோம். உங்களுக்குத்தான் கண்ணே வேண்டாமே!"

"ஆமா, ஆமா!" என்று பக்தகோடிகளே கத்தினார்கள். நாடி ஐயாவால் மறுக்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்புத் துணியை எடுத்தார்.

"துணி எதுக்குங்க?" என்றார் கண்ணாடிக்காரர். "என் கடையில பட்டை இருக்கு, ஆபரேஷன் ஆன கண்ணுக்குப் போடறது."

அவரே கட்டினார். பஞ்சை உருட்டி மூக்கோரத்து இடுக்கில் வைத்தார். கண்கட்டோடு அற்புதம் செய்கிறவர்கள் எல்லோரும் உலகத்தைப் பார்ப்பது அந்த இடுக்கு வழியாகத்தான். அந்தச் சன்னல் சாத்தப்பட்டதும் நாடி ஐயாவின் நெற்றி வியர்த்தது.

அவரை லிஃப்ட் அருகே உட்காரவைத்துவிட்டு, உள்ளே சோபாக்களைச் சுவரோரம் தள்ளினார்கள். அலமாரி வந்த அட்டைப்பெட்டிகளைத் தரையிலிருந்து கூரை வரை அடுக்கித் தூண்களை மறைத்தார்கள். தூணே இல்லாத இடங்களிலும் அதே மாதிரி சில வெறும் கோபுரங்கள் எழுப்பினார்கள். பிறகு நாடி ஐயாவை உள்ளே கொண்டுவந்து, இரண்டு சுற்றுச் சுற்றி விட்டார்கள்.

அவர் முதலில் ஒரு சோபாவில் முட்டிக்கொண்டார். அடுத்து, வேடிக்கை பார்த்த மூன்றாம் மாடி வக்கீலின் வயிற்றைத் தடவி, "இங்க துக்கம் இல்லை" என்றார். சோபாக் கடைக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது. அவர் இருமுகிற பக்கம் நாடி ஐயா திரும்பினார்.

"பாவம், தொண்டை காஞ்சு போச்சு," என்று தங்கை கடைக்காரர் கையில் ஒரு பெரிய சொம்புத் தண்ணீரைத் திணித்தாள். "முழுக்கக் குடிங்க."

வழிகாட்டிய இருமல் நின்றுபோனதும் நாடி ஐயா கையில் அகப்பட்ட அட்டைக் கோபுரத்தைக் கட்டிக்கொண்டார். ஸ்டெதஸ்கோப் வைத்தார். உடம்பு குலுங்கியது.

"ஐயோ, என்ன அழுகை! இந்தப் பாவிதான்! ஆறு மாடி பாரத்தையும் இவன் ஒருத்தன் சுமக்கறான்!"

"நல்லாப் பாருங்க ஐயா. குடும்பங்க இருக்கிற இடம்," என்றாள் தங்கை.

"சந்தேகமே வேண்டாம்!"

கண்ணாடிக்காரர் போய் ஒரு விரலால் தள்ளினார். கோபுரம் அசைந்தது, சாய்ந்தது, பொத்தென்று விழுந்தது. உள்ளே காற்று இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. கட்டடம் அசையவில்லை.

வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சோபாக் கடைக்காரர் கத்தினார்.

"யோவ், நடுத் தூண்யா! எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தேன், நடுத் தூண்னு!"

இப்போது கூட்டத்துக்குச் சேர்த்துப் பார்க்க முடிந்தது. நாடி ஐயா கண்கட்டைப் பிய்த்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அங்கே செப்புப் பட்டைக்கு முதலில் பேர் கொடுத்த இரண்டாம் மாடி அக்கா குறுக்கே நின்றாள். போலீஸ் வரும் வரை அவர் அவளிடமிருந்து கேட்ட வார்த்தைகளை எந்தத் தூணும் சொல்லியிருக்காது.

சிரிப்பு அடங்குவதற்குள் தங்கை நடுத் தூணின் பெட்டிகளை விலக்கினாள். கண்ணாடிப் பலகையின் ஓரத்தில் சிமெண்டுத் தூள் உதிர்ந்திருப்பது அவள் கண்ணில் பட்டது. பலகையைக் கழற்றச் சொன்னாள். பின்பக்கத்தில் கான்கிரீட்டைக் கம்பி தெரிகிற வரை கொத்தி எடுத்திருந்தார்கள். ஜனங்களுடைய உயிர்தான் முக்கியம் என்றவருக்கு உத்தரவு வரும்வரை பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது.

தங்கையின் குரல் மாறியது. "எல்லாரும் வெளிய போங்க. மேல இருக்கிறவங்களையும் இறக்குங்க. ஓடாம, மெதுவா."

கண்ணாடிக்காரர் மாடிப்படிகளில் ஏறினார். தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். நேற்று இதே கட்டிலுக்குக் கீழே இருந்த தூணை வெட்டச் சொல்லித் தலையாட்டிய தலை அவருடையது. அதை நினைத்துப் பிள்ளையை இறுக்கிக்கொண்டார்.

இரும்பு முட்டுகள் வந்து, நடுத் தூணைச் சுற்றி உத்தரங்களுக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் தங்கை உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

அடுத்த வாரம் சங்கக் கூட்டம். தங்கை எழுந்து சொன்னாள்: நடுத் தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி கான்கிரீட் போட வேண்டும். தெருப்பக்கத் தூண்களை வண்டி இடித்தாலும் தாங்குகிற மாதிரி பலப்படுத்த வேண்டும். உத்தரங்களின் அடியில் கோடிக்குக் கோடி இரும்புப் பட்டை ஓட்டி எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று பிணைக்க வேண்டும். ஒன்று போனாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும்.

கைகள் கிளம்பின.

"இது நிஜமாவே தேவையா?"

"இரும்பு தரமானதுன்னு எப்படித் தெரியும்?"

"வேற எஞ்சினியரை வெச்சு ஒரு தடவை சரிபார்க்கலாமா?"

"வேலை சரியா நடந்துச்சான்னு யார் சோதிப்பாங்க?"

தங்கை முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். வேறு எஞ்சினியரைக் கட்டாயம் கூப்பிடுங்கள் என்றாள். கண்ணாடிக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை.

"இவ்வளவு கேள்வியும் அன்னைக்கு எங்கய்யா போச்சு? நான் உள்பட ஒருத்தன் வாயைத் திறக்கலையே!"

வக்கீல் தொண்டையைச் செருமினார். "நாடி ஐயா கேள்வி கேக்கச் சொல்லலையே."

"நான் மட்டும் சொன்னேனா?" என்றாள் தங்கை.

கேள்வி கேட்க யாரும் உத்தரவு தர வேண்டியதில்லை, மகாஜனங்களே. வாயும் உங்களுடையது, மூளையும் உங்களுடையது. அடகு வைக்கிற ஆசை வந்தால் ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். தலைக்கு மேல் இருக்கிற மாடியும் உங்களுடையதுதான்.